மங்கிப்போன ஹெட்லைட்: பாலிஷ், பல்பு, எல்.இ.டி., முழு அசெம்பிளி – எதற்குப் பணம் கொடுப்பது?

எட்டுப் பத்து ஆண்டுகள் ஓடிய குடும்பக் காரை வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. "இரவில் ரோடு சரியாகத் தெரியவில்லை. ஹெட்லைட் மேல்பகுதி மஞ்சளித்துவிட்டது. பட்டறையில் பாலிஷ் போதும் என்கிறார்கள். உதிரிபாகக் கடைக்காரர் எல்.இ.டி. போடச் சொல்கிறார். சர்வீஸ் சென்டரில் இரண்டு பக்கமும் அசெம்பிளியை, அதாவது விளக்கையே முழுசாக, மாற்ற வேண்டும் என்று ரசீது எழுதுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

மூவரும் தங்கள் கையில் இருக்கும் வைத்தியத்தைச் சொல்கிறார்கள். நோய் என்னவென்று பார்த்தவர் இவர்களில் யாராவது உண்டா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது. ஹெட்லைட்டிலிருந்து புறப்படும் வெளிச்சம் சாலைக்கு வந்து சேர்வதற்குள் ஐந்து இடங்களில் குறையலாம். எந்த இடத்தில் குறைகிறது என்று தெரியாமல் பணம் செலவழித்தால், நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கெட்ட பாகத்தை வைத்துக்கொண்டே ஓட்டும்படி ஆகும்.

இந்தக் கட்டுரை, ஒரே பல்பில் டிம்மும் பிரைட்டும் வரும் ஹெச்-4 வகை ஹாலஜன் விளக்கு உள்ள கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பழைய ஆல்டோ, வேகன்-ஆர் போன்றவை இந்த வகை. நம் சாலைகளில் ஓடும் பழைய குடும்பக் கார்களில் பெரும் பங்கு இவைதான். கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வந்த கார்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

## முதலில் எது கெட்டிருக்கிறது?

லென்ஸ். பழைய அம்பாசிடரில் இருந்தது கண்ணாடி. இன்றைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். கல் பட்டாலும் எளிதில் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்குப் பகை. அதனால்தான் தொழிற்சாலையில் அதன்மேல் ஒரு கடினப் பூச்சு கொடுக்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரில் அந்தப் பூச்சு வருடக்கணக்கில் தேய்ந்து, மஞ்சளித்து, உரியத் தொடங்குகிறது. சோதிக்க எளிய வழி உண்டு. லென்ஸின்மேல் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமாக இருக்கும்வரை பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மங்கினால் கோளாறு வெளிப்பரப்பில்தான். பாலிஷ் பலன் தரும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால் உட்புறத்தில் படலம் படிந்திருக்கிறது, அல்லது பிளாஸ்டிக்கே உள்ளுக்குள் நுண்ணிய விரிசல் விட்டிருக்கிறது. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

ரிஃப்ளெக்டர். பல்பின் ஒளியைச் சாலைப் பக்கம் திருப்பும் உட்கிண்ணம் இது. பல்பைக் கழற்றிவிட்டு முன்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு கண்ணாடிபோல் மின்ன வேண்டும். பல்புக்கு மேலே புகை படிந்ததுபோல் கறுத்திருந்தாலோ, பூச்சு செதில் செதிலாக எழும்பியிருந்தாலோ அந்த விளக்கின் ஆயுள் முடிந்துவிட்டது. ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைத்துச் சரி செய்ய முயல வேண்டாம். அந்தப் பூச்சு மிக மெல்லியது. துடைத்த இடத்தில் கையோடு வந்துவிடும்.

பல்பு. ஹாலஜன் பல்பு ஃபியூஸ் போகும்வரை ஒரே மாதிரி எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். எரிய எரிய அதன் வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். கண்ணாடிக் குமிழில் சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மின்னழுத்தம். அதிகம் பேரால் கவனிக்கப்படாத இடம் இதுதான். ஹாலஜன் பல்புக்குப் போகும் வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறைவதில்லை, ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. பழைய காரில் சுவிட்ச், கனெக்டர், எர்த் இணைப்பு என்று ஒவ்வொன்றிலும் துருவும் தளர்ச்சியும் சேர்ந்து ஒரு வோல்ட்டைச் சாதாரணமாக விழுங்கிவிடும். இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, பேட்டரி முனையில் ஒரு முறையும் பல்பு ஹோல்டரின் பின்புறத்தில் ஒரு முறையும் வோல்ட்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குற்றவாளி பல்பு அல்ல, ஒயரிங்.

கோணம். எங்கோ ஒரு முறை பம்பர் இடித்திருக்கும். யாரோ ஸ்குரூவைத் திருகியிருப்பார்கள். நல்ல விளக்கு ஒன்று மரக்கிளையையோ, காருக்கு முன்னால் ஐந்தடித் தரையையோ காட்டிக்கொண்டிருக்கும்.

இவற்றோடு முன் கண்ணாடியின் உட்புறத்தையும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் விடும் ஆவி அங்கே எண்ணெய்ப் படலமாகப் படியும். எதிரே வரும் வண்டியின் விளக்கு அதில் பட்டுச் சிதறும்போது நம் விளக்குதான் மங்கல் என்று தோன்றும்.

## எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகள். சாலையில் 70 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் கூடுகிறதா? எதிரே வருபவரின் கண் கூசாமல் இருக்கிறதா? இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கில் மொத்தச் செலவு எவ்வளவு? எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சோதனையிலும் இன்சூரன்ஸிலும் சிக்கல் வருமா?

70 மீட்டர் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. தடையைப் பார்த்து, பிரேக்கில் கால் வைத்து, வண்டி நிற்பதற்குள் உலர்ந்த சாலையிலேயே 65 முதல் 70 மீட்டர் போய்விடும். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் அந்தத் தூரத்தில் கண்ணில் பட வேண்டும். காருக்கு முன்னால் பத்து மீட்டர் பட்டப்பகல்போல் இருப்பதால் அங்கே எந்த உதவியும் இல்லை.

இரண்டாவது கேள்வியை நான் முதல் கேள்விக்குச் சமமாக வைக்கிறேன். எதிரே வருபவர் கண் கூசி ஓரிரு விநாடி குருடாகி ஓட்டுவது நம் காரை நோக்கித்தான்.

## பாலிஷ்

தண்ணீர் சோதனையில் தேறிய லென்ஸுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. ஆனால் பாலிஷ் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் விற்கப்படுகின்றன.

முதலாவது, பற்பசையோ ரப்பிங் காம்பவுண்டோ போட்டுத் துணியால் தேய்ப்பது. பற்பசையில் இருக்கும் மெல்லிய சுரண்டும் பொருள் மேல் மஞ்சளைக் கொஞ்சம் எடுக்கும். சில வாரங்கள் நன்றாகத் தெரியும். பிறகு மஞ்சள் திரும்பிவிடும்; ஏனென்றால் எஞ்சியிருந்த பாதுகாப்புப் பூச்சையும் நாமே எடுத்துவிட்டோம்.

இரண்டாவது, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து இயந்திரத்தால் பளபளப்பாக்குவது. இதில் வேலை சுத்தம்; ஆனால் மேலே எந்தப் பூச்சும் இல்லை. நம் வெயிலில் ஓராண்டு தாக்குப்பிடித்தால் அதிகம்.

மூன்றாவதுதான் முழு வேலை. 800 அல்லது 1000 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி, 1500, 2000, 3000 என்று ஏறி, காம்பவுண்ட் போட்டுத் தெளிவாக்கி, கடைசியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிப்பது. கிளியர் கோட்டுக்குப் பதில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவதும் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை சரியாக நடக்கிறதா என்று நமக்கே தெரியும். முதல் தேய்ப்பில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அது செத்துப்போன பழைய பூச்சு. அது முழுவதும் போய், வழிகிற தண்ணீர் வெள்ளையாக மாறும்வரை அதே தாளில் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த தாளுக்குப் போனால் ஓரங்களில் மஞ்சள் திட்டு தங்கி, ஆறு மாதத்தில் அங்கிருந்து உரியத் தொடங்கும். முழு விளக்கும் ஒரே சீராக, தேய்த்த கண்ணாடிபோல் வெளுத்துத் தெரியும் கட்டத்தில் காரின் சொந்தக்காரர்கள் பயந்துவிடுவார்கள். அந்தக் கட்டம் வந்தே ஆக வேண்டும்.

செலவு இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஊரையும் பட்டறையையும் பொறுத்து 800 முதல் 2,500 ரூபாய்வரை. மறைந்திருக்கும் செலவு, இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பது. கிளியர் கோட் அடித்தது இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். நிழலில் நிறுத்தும் கார் என்றால் இன்னும் கூட. ஒவ்வொரு முறையும் லென்ஸ் கொஞ்சம் மெலிகிறது என்பதால் இரண்டு முறைக்கு மேல் நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தேய்ப்பதற்கு முன் பெயின்ட் மேலும் பம்பர் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். விளக்கின் ஓரத்தில் போனட் பெயின்ட் தேய்ந்து போனால் அதைச் சரிசெய்யும் செலவு பாலிஷ் செலவைத் தாண்டிவிடும்.

தமிழ்நாட்டில் எதிரே வருபவருக்குக் கூசாமலிருக்க ஹெட்லைட் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் நீண்ட நாளாக உண்டு. ரிஃப்ளெக்டர் விளக்கில் ஒளி லென்ஸின் முழுப் பரப்பிலிருந்தும் வருவதால், நடுவில் மறைத்தால் வெளிச்சம் குறையுமே தவிர ஒளி கீழே இறங்காது. கூசுவதற்குத் தீர்வு கோணத்தைத் திருத்துவதுதான். பழைய ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டி எடுத்த லென்ஸ்களில் மஞ்சள் அந்தக் கீறலிலிருந்தே பரவியிருப்பதைப் பார்க்கலாம்.

## அதே வாட்டில் நல்ல பல்பும் ரிலேயும்

எனக்குப் பிடித்த வழி இது என்பதை மறைக்கவில்லை.

ஹெச்-4 பல்பு என்றால் 12 வோல்ட், 60/55 வாட். பிரைட்டில் 60, டிம்மில் 55. சர்வதேசத் தரத்தின்படி 13.2 வோல்ட் கிடைக்கும்போது டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் சுமார் 1,650 லூமென் ஒளி வர வேண்டும் (லூமென் என்பது ஒளியின் அளவு). காரின் ரிஃப்ளெக்டர் இந்த அளவுக்காகவே வடிவமைக்கப்பட்டது. ஒரு வோல்ட் குறைவாகக் கிடைக்கும் பழைய காரில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இதில் முக்கால் பங்கைத்தான். ஆகவே ஒயரிங்கைச் சரி செய்தாலே, அந்தக் கார் புதிதாக வந்தபோது இருந்த வெளிச்சம் திரும்பிவிடும்.

சாதாரண நல்ல பிராண்டு பல்பு ஒன்று 150 முதல் 300 ரூபாய்க்குள் கிடைக்கும். பல்பின் அடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'இ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். தரச் சோதனையில் தேறியதற்கு அடையாளம் அது. 'நூறு சதவீதம் கூடுதல் வெளிச்சம்' என்று விற்கப்படும் விலை கூடிய ஹாலஜன்களும் நல்லவையே. அவற்றின் இழை இன்னும் நுண்ணியது, அதிக வெப்பத்தில் எரிவது. தூரத்தில் விழும் ஒளி உண்மையிலேயே கூடும். அதற்கு விலையாக ஆயுள் குறையும். இரவில் அதிகம் ஓட்டுபவர் அவற்றை வாங்கினால் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். நீல நிறப் பூச்சுள்ள ஹாலஜனை வாங்காதீர்கள். அந்தப் பூச்சு ஒளியில் ஒரு பங்கை வடிகட்டி எடுத்துவிட்டு, மீதியை வெள்ளையாகக் காட்டுகிறது.

ரிலே செட் என்பது பேட்டரியிலிருந்து நேராக, தடித்த ஒயரில், ஃபியூஸ் வழியாக பல்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் தனி இணைப்பு. பழைய சுவிட்ச் இனி ரிலேக்கு உத்தரவு கொடுக்க மட்டும் பயன்படும். முழு மின்சாரமும் அதன் வழியே பாயாது. 700 முதல் 1,500 ரூபாய், பொருத்துவதற்குத் தனிக் கூலி. ஃபியூஸ் இல்லாத, ஒயர் மெலிந்த மலிவு செட்டுகள் கடைகளில் தொங்குகின்றன. அவற்றால் இருப்பதைவிட ஆபத்துதான் கூடும். வாரண்டியில் இருக்கும் காரில் ஒயரிங்கில் கை வைக்காதீர்கள். அங்கே ரிலே பெரும்பாலும் தேவையும் படாது. மல்டிமீட்டரில் வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் பல்பை மட்டும் மாற்றுங்கள்.

பல்பை ஜோடியாக மாற்றுங்கள். கண்ணாடிக் குமிழை வெறும் விரலால் தொடாதீர்கள்; விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடாகி அங்கேயே பல்பு போகும். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைத் திரும்பப் போட்டார்களா என்று கையை விட்டுப் பாருங்கள். அதைப் போடாமல் விட்டுவிடும் மெக்கானிக்குகள் உண்டு. முதல் மழையிலேயே விளக்குக்குள் நீராவி கோத்துக்கொள்ளும்.

## 100/90 வாட் பல்பு

சுருக்கமாக: வேண்டாம். 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கிறது. 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். காரோடு வந்த ஒயரும் சுவிட்சும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஹோல்டர் பிளாஸ்டிக் முதலில் பழுப்பாகும், பிறகு உருகிக் கனெக்டரோடு ஒட்டிக்கொள்ளும். தனி ரிலேயும் பீங்கான் ஹோல்டரும் போட்டாலும், கூடுதல் சூடு ரிஃப்ளெக்டர் பூச்சை வறுத்துவிடும். நான்காயிரம் ரூபாய் விளக்கை முந்நூறு ரூபாய் பல்பு அழித்துவிடும் கதை இது. சட்டப்படியும் இதற்கு இடமில்லை.

## ஹாலஜன் விளக்கில் எல்.இ.டி. பல்பு

அதிகம் விற்பது இதுதான். அதிகம் விளக்கமும் இதற்குத்தான் தேவை.

ஹெச்-4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். டிம்முக்கான இழையின் அடியில் சின்னஞ்சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். அந்தக் கிண்ணம் கீழ்நோக்கிப் போகும் ஒளியைத் தடுத்து, ரிஃப்ளெக்டரின் மேல்பாதியை மட்டும் பயன்படுத்த வைக்கிறது. அந்த ஒளி முன்னால் கீழ்நோக்கி இறங்குகிறது. டிம் போட்டால் எதிரே வருபவர் கண்ணுக்கு மேலே ஒளி ஏறாமல் ஒரு கோடு போட்டதுபோல் நிற்பது இந்தக் கிண்ணத்தின் வேலை. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால், அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் 15 டிகிரி மேலேறும். இடப்புறம் நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் தெரிவதற்காக அப்படிச் செய்யப்பட்டது. இவ்வளவும் இழை இருக்கும் இடம் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தால்தான் நடக்கும்.

எல்.இ.டி. பல்பில் இழை இல்லை. ஒரு தட்டையான தகட்டின் இரு பக்கமும் ஒளி தரும் சிப்புகள். நல்ல தயாரிப்பாளர்கள் அவற்றை இழையின் இடத்துக்கு அருகே வைக்க முயல்கிறார்கள். மலிவானவற்றில் அந்த முயற்சியே இல்லை. விளைவு இரண்டு. கோடு கலைந்து, ஒளி எதிரே வருபவர் கண்ணில் ஏறுகிறது. நமக்கோ காருக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் தரை பளீரென்று தெரிகிறது. அந்தப் பளபளப்பில் கண்ணின் பாவை சுருங்கி, 70 மீட்டருக்கு அப்பால் முன்பைவிட இருட்டாகத் தெரிகிறது. 'வெளிச்சம் அள்ளுகிறது' என்று முதல் நாள் இரவு மகிழ்ந்தவர்கள் முதல் மழையில் குழம்பிப்போவதும் இதனால்தான். 6,000 கெல்வின் (ஒளியின் நிறத்துக்கான அளவு) அளவிலான வெள்ளை ஒளி நனைந்த தார்ச் சாலையில் எங்கே போனது என்றே தெரியாது. சுமார் 3,200 கெல்வின் ஹாலஜனின் இளமஞ்சள் ஒளி அங்கே கண்ணுக்கு இதமாக இருக்கும்.

எல்லா எல்.இ.டி.யும் கெட்டது என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்.இ.டி. பல்புக்குச் சாலை அனுமதி கொடுத்தார்கள். குறிப்பிட்ட கார் மாடல்களில், அந்த விளக்குக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு, அந்த மாடல்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பல்பும் விளக்கும் சேர்ந்துதான் ஒரு கருவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கடையில் பெட்டிமேல் '20,000 லூமென்' என்று அச்சடித்து விற்கும் பல்பை உங்கள் கார் விளக்குக்குள் வைத்து யாரும் அப்படிச் சோதித்ததில்லை.

விலை ஜோடி 1,500 முதல் 6,000 ரூபாய்வரை. மறைந்த செலவுகள் அதிகம். பின்னால் இருக்கும் விசிறிக்கு இடம் போதாமல் ரப்பர் மூடியை அறுப்பார்கள், அல்லது போடாமலே விடுவார்கள். ஈரமும் தூசியும் உள்ளே போய் ரிஃப்ளெக்டரைக் கெடுக்கும். விசிறி நின்றால் சிப் சூடேறி மங்கும். சில காரில் எஃப்.எம். ரேடியோ இரையும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருப்பவருக்குக் கூசாதபடி ஒளி நிரந்தரமாகத் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. ரிஃப்ளெக்டர் விளக்கில் போட்ட எல்.இ.டி. இந்த இடத்தில்தான் தோற்கிறது. 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது பழைய பல்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்காகப் பழைய பல்பைப் பத்திரமாக வைத்திருப்பதே, போட்டது சரியில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதைக் காட்டுகிறது.

எப்போது இது பொருந்தும்? ஹெச்-7, ஹெச்-11 போன்ற ஒற்றை இழை பல்பும், ஒளியைக் குவித்து அனுப்பும் உருண்டையான புரொஜெக்டர் லென்ஸும் உள்ள காரில், நல்ல தயாரிப்பைப் போட்டு, சுவரில் கோட்டைச் சரிபார்த்தால் கூசுவது குறைவு. புரொஜெக்டருக்குள் இருக்கும் தடுப்புத் தகடு கோட்டை ஓரளவு காப்பாற்றும். சட்டக் கேள்வி அப்போதும் மீதி இருக்கும்.

## முழு அசெம்பிளி

ரிஃப்ளெக்டர் கறுத்திருந்தால், லென்ஸ் உள்ளே விரிசல் விட்டிருந்தால், உள்ளே தண்ணீர் தேங்கி நின்றால், பொருத்தும் காதுகள் உடைந்து விளக்கு ஆடினால் வேறு வழி இல்லை. குளிர்ந்த காலையில் லேசாக ஆவி படிந்து, விளக்கு எரிந்த சிறிது நேரத்தில் மறைந்தால் அது இயல்பு. அதற்காக மாற்ற வேண்டாம்.

கார் கம்பெனியின் ஒரிஜினல் பாகம் சிறிய காருக்கு ஒரு பக்கம் மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் ஆகலாம். லூமேக்ஸ் போன்ற, கார் நிறுவனங்களுக்கே விளக்கு செய்துகொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் சந்தையில் விற்கின்றன. அவற்றை நம்பி வாங்கலாம், விலையும் குறைவு. பெயர் தெரியாத டூப்ளிகேட் இதில் பாதி விலைக்கும் கீழே வரும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லென்ஸின் பூச்சு தரமற்றதாக இருப்பதால் இரண்டே கோடையில் மஞ்சளிக்கும். ரிஃப்ளெக்டர் வடிவம் சரியில்லாததால் ஒளி திட்டுத் திட்டாக விழும். ஒரு பக்கம் ஒரிஜினல், ஒரு பக்கம் டூப்ளிகேட் என்று போட்டால் இரண்டு ஒளியும் சேரவே சேராது.

சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கழற்றிய ஒரிஜினல் கிடைக்கும். டூப்ளிகேட் புதியதைவிட நல்ல நிலையில் இருக்கும் பழைய ஒரிஜினல் மேல் என்பது என் கருத்து. மூன்று விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். பொருத்தும் காதுகள் ஒட்டவைக்கப்பட்டவையா? விபத்துக் காரிலிருந்து வரும் விளக்கில் முதலில் உடைவது அதுதான். ரிஃப்ளெக்டர் மின்னுகிறதா? உங்கள் காரின் அதே ஆண்டு வடிவமா? ஒரே மாடலில் இடையில் முகப்பை மாற்றியிருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் விளக்கு என்றால் இன்னொரு கண்ணியும் உண்டு. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான விளக்கில் அந்த 15 டிகிரி ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். நம் சாலையில் அது எதிரே வருபவர் முகத்தில் அடிக்கும், இடது ஓரத்தை இருட்டாக விடும். எதிரே நின்று பார்க்கும்போது லென்ஸில் வலப்புறம் காட்டும் சிறு அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கப் போக்குவரத்துக்கானது.

## இன்சூரன்ஸில் வாங்கலாமா?

மஞ்சளித்ததற்கு இன்சூரன்ஸ் தராது; அது தேய்மானம். இடித்து உடைந்தால் முழுக் காப்பீட்டில் உண்டு. ஆனால் சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1,500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம் வேறு. 4,000 ரூபாய் விளக்குக்கு உங்கள் கைக்கு வருவது 1,000 ரூபாய். அதற்காக, கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான, 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறியிருக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' போய்விடும். சிறிய காரின் ஹாலஜன் விளக்குக்குக் கைப்பணம் போடுவதே லாபம்.

கம்பெனி எல்.இ.டி. விளக்கு உள்ள கார்களில் கணக்கு தலைகீழ். அங்கே பல்பு மட்டும் மாற்றும் வசதி பெரும்பாலும் இல்லை. ஒரு சிப் போனாலும் முழு அசெம்பிளி, ஒரு பக்கமே பல ஆயிரங்களில் தொடங்கும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பீடு அந்தக் கார்களுக்குக் கட்டாயம் தேவை. புதிதாக இருக்கும்போதே லென்ஸின்மேல் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டால் மஞ்சள் வரும் காலத்தைத் தள்ளிப்போடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | 70 மீட்டரில் பலன் | கூசுமா? | செலவு (ஜோடி) | யாருக்கு? |
|---|---|---|---|---|
| முழுப் பாலிஷ், கிளியர் கோட் | நன்று, லென்ஸ் மட்டும் கெட்டிருந்தால் | குறையும் | 800–2,500 | ஈரச் சோதனையில் தேறிய லென்ஸ் |
| நல்ல ஹாலஜன், ரிலே | மிக நன்று, வோல்ட்டேஜ் குறைந்த காரில் | இல்லை | 1,000–3,500 | ஐந்தாண்டு கடந்த கார்கள் |
| 100/90 வாட் | கொஞ்ச நாள் | ஆம் | ரிஃப்ளெக்டரோடு சேர்த்தால் அதிகம் | யாருக்கும் இல்லை |
| எல்.இ.டி. பல்பு | பெரும்பாலும் குறைவு | ஆம் | 1,500–6,000 | சில புரொஜெக்டர் கார்கள் |
| ஒரிஜினல் அசெம்பிளி | புதுக் கார் அளவு | இல்லை | 6,000–10,000 | ரிஃப்ளெக்டர் போன விளக்கு |

இன்னும் ஓராண்டில் காரை விற்கப்போகிறீர்கள் என்றால் பாலிஷும் புது பல்பும் போதும். இன்னும் ஐந்தாண்டு ஓட்டப்போகிறீர்கள், ரிஃப்ளெக்டரில் கறுப்பு தெரியத் தொடங்கிவிட்டது என்றால் பாலிஷில் பணம் போடாமல் நேராக அசெம்பிளிக்குப் போங்கள். இரவில் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கு ரிலே அவசியமில்லை. ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதைகளில் இரவில் ஏறி இறங்குபவருக்கும், நான்குவழிச் சாலையில் வாராவாரம் இரவுப் பயணம் செய்பவருக்கும் அதுதான் முதல் செலவு.

## எதைப் போட்டாலும் சுவரில் பாருங்கள்

சமதளத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து, டிரைவர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, டேஷ்போர்டில் விளக்கு உயரம் மாற்றும் குமிழ் இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வைத்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி காரை நிறுத்துங்கள். பல்பின் நடுமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் போட்டால் ஒளியின் மேல்கோடு அந்தக் குறிக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் சாய்வாக ஏற வேண்டும். சில கார்களில் இந்தத் தாழ்வு எத்தனை சதவீதம் என்று விளக்கின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். போனட்டைத் திறந்தால் விளக்கின் பின்னால் பல்சக்கரம் வைத்த திருகு இருக்கும். ஸ்குரூ டிரைவரால் அரைத் திருகு, கால் திருகாகத் திருப்பினால் கோடு ஏறி இறங்குவது சுவரில் தெரியும்.

பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானுமாக ஊருக்குக் கிளம்பும்போது காரின் பின்புறம் அமுங்கி, முன்னால் ஒளி எழும்பும். அப்போது அந்தக் குமிழை 2-க்கோ 3-க்கோ திருப்புங்கள். ஊர் போய்ச் சேர்ந்து சாமானை இறக்கியதும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்; இல்லையென்றால் திரும்பி வரும் இரவில் விளக்கு தரையைத்தான் காட்டும்.